ரயில் மேட்டை வெட்டியவள்

போன மாதம் கல்யாண மண்டபத்தில் அந்தப் பையன் மைக்கைப் பிடித்துப் பேசி முடித்ததும் நீங்கள் அத்தனை பேரும் கைதட்டினீர்களே, அப்போதே எழுந்து நின்று கத்தியிருப்பேன். முழங்கால் விடவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் கேசரி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், நீங்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டீர்கள். சரி, வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது தொலைக்கிறேன். கிருஷ்ணகிரிப் பழைய ஸ்டேஷன் பேட்டையில் என்னோடு பிறந்து, என்னோடு மூக்கொழுகித் திரிந்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

பையன் என்கிறேன், அவனுக்கும் ஐம்பது இருக்கும். புளி, மாங்காய் வியாபாரம் செய்த மண்டிக்காரரின் பேரன். என்ன சொன்னான்? "வெள்ளம் வந்த வருஷம் பேட்டையே முழுகப் பார்த்தது. எங்கள் தாத்தா, என் புளிக் கிடங்கு போனாலும் பரவாயில்லை, ஜனங்கள் பிழைக்கட்டும் என்று சொல்லி ரயில் மேட்டை வெட்ட வைத்தார்." இதைக் கேட்டுவிட்டு முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டில் அன்றைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று எனக்குத் தெரியும். மேட்டை வெட்டியது யார் என்று அவருக்கும் தெரியும். வயிறு எரிகிறது.

வெட்டியவள் என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அதை நாம் எல்லோரும் மேட்டிலேயே நின்று பார்த்தோம்.

முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் பேட்டை எப்படி வந்தது என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நாம் யாரும் அதைப் பார்த்ததில்லை, நம் அப்பாக்கள் பார்த்தவர்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவருவதற்காக வெள்ளைக்காரன் போட்டது என்பார்கள். ரயில் வந்ததால் மூட்டை தூக்க ஆள் வந்தது, வண்டிக்காரர்கள் வந்தார்கள், இட்டலிக் கடை வந்தது. தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், எங்களைப் போல் மாதா கோவில் குடும்பங்கள் என்று ஸ்டேஷனைச் சுற்றி ஆளுக்கொரு குடிசை போட்டுக்கொண்டார்கள். பிறகு யுத்தம் வந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே போனது, எந்தத் தேசத்தில் போட்டார்கள், ஒருவருக்கும் தெரியாது. ஜனங்களை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

நாம் சிறுசுகளாக இருந்தபோது அந்த ரயில் துண்டு துண்டாக நம் வீடுகளில் இருந்தது. எங்கள் வீட்டு நிலைப்படிக்கு மேலே இருந்தது ஸ்லீப்பர் கட்டை. மழைக்காலத்தில் அதிலிருந்து எண்ணெய் வாடை வரும். எதிர்வீட்டுத் தெலுங்கம்மா கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தது தண்டவாளத்து ஆணியில். பள்ளிக்கூடத்து மணி என்று நாம் அடித்தது ஒரு முழத் தண்டவாளத் துண்டு. டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குள் மண்டிக்காரர் உட்கார்ந்து கூலி கொடுப்பார். அதுவெல்லாம் இப்போது யாரிடம் இருக்கிறது? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டு நாம்தான் தின்றோம்.

எடுத்துக்கொண்டு போக முடியாதது மேடு ஒன்றுதான். ஒரு ஆளுக்கு மேல் உயரம், நீளமாகப் பேட்டையின் கிழக்குப் பக்கம் முழுக்க மறித்துக்கொண்டு கிடந்தது. மேற்கே ஏரி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பேட்டையின் நடுவே வந்து, மேட்டுக்கு அடியில் இருக்கிற மோரிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். மோரி என்றால் தண்ணீர் போவதற்காகக் கல்லால் வளைத்துக் கட்டிய பொந்து, ஒருவர் குனிந்து நடந்து போகலாம். அந்தப் பக்கம் மண்டிக்காரரின் புளிக் கிடங்கும் அதற்குக் கீழே வயல்களும். அங்கிருந்து தண்ணீர் தென்பெண்ணைக்குப் போகும் என்று வாத்தியார் சொல்லுவார். நாம் நம்பவில்லை. நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஏரியில் ஆடுதான் மேய்ந்தது. கால்வாய்க்குள் கில்லி விளையாடினோம், மோரிக்குள் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடினோம். தண்ணீர் வருகிற வழி அது என்பது நமக்குத் தெரியாது. நம் பெற்றோர்களுக்கு மறந்துபோனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அத்தை வீடு மேட்டின் மேலே இருந்தது. மாமா சின்ன ரயிலில் தண்டவாளம் பார்க்கிற கூலியாள். ரயில் நின்றதும் அவரைச் சாமல்பட்டிக்கு மாற்றினார்கள். கொஞ்ச வருஷத்தில் அங்கேயே செத்துப்போனார். அத்தை திரும்பி வந்து, பழைய கூலியாள் அறைக்கு ஓலை போட்டுக்கொண்டு இரண்டு எருமைகளோடு குடியேறிவிட்டாள். பேட்டைக்கே அவள்தான் பால் ஊற்றினாள். தங்கமான மனுஷி என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் நெருப்பு. பாலில் தண்ணீர் என்று யாராவது முனகினால் போதும், அந்த வீட்டின் மூன்று தலைமுறையை இழுத்து வைத்துத் திட்டிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவாள். என் தலையில் குட்டியதற்குக் கணக்கே இல்லை. அம்மாவுக்கும் அவளுக்கும் ஆகாது.

அப்பா கொத்தனார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஆனால் சுவர் கட்டினால் அதை இடிக்க யானை வந்து முட்ட வேண்டும் என்பார்கள். அந்தப் பெயர்தான் எங்களுக்குச் சோறு போட்டது, அந்தப் பெயர்தான் எங்களைக் கெடுத்ததும்.

அந்த வருஷம் மாங்காய் காய்த்தது என்றால் அப்படியொரு காய்ப்பு. மழை இல்லாத வருஷத்தில் எப்படித்தான் காய்த்ததோ. மண்டிக்காரருக்குப் பழுக்க வைக்க இடம் போதவில்லை. மோரியைப் பார்த்தார். உள்ளே வெயில் படாது, காற்றடிக்காது, வைக்கோலைப் பரப்பிக் காயை அடுக்கி இரண்டு பக்கமும் மூடினால் சூடு அப்படியே நிற்கும், காய் சீக்கிரம் பழுக்கும். தன் கிடங்குப் பக்கம் பலகைக் கதவு போட்டுக்கொண்டார். பேட்டைப் பக்கம் முதலில் தட்டிதான் வைத்தார். நாம் சும்மா இருந்தோமா? தட்டிக்குள் கையை விட்டுச் செந்தூராவை இழுத்து இழுத்துத் தின்றோம். அதனால் அந்தப் பக்கம் கல் வைத்துச் சுண்ணாம்பு பூசிச் சுவராகவே எழுப்பச் சொன்னார். கட்டியவர் என் அப்பா. சாந்து குழைக்க நான்தான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தச் சீசனில் பேட்டை முழுக்க மாம்பழ வாசனை. துணியில், தலைமுடியில், பாயில்கூட. பெண்களுக்கு வேலை, ஆண்களுக்கு வேலை. புள்ளி விழுந்த பழத்தை மண்டிக்காரர் கூடையோடு நமக்கு விட்டுவிடுவார், நாம் வயிற்றுப்போக்கு வரும்வரை தின்போம். மனுஷர் கெட்டவர் என்று யார் சொன்னது? சிரித்த முகம். எல்லோரும் சாவுகாரு சாவுகாரு என்று அவர் பின்னாலேயே திரிந்தார்கள்.

சீசன் முடிந்தது. பலகைக் கதவைக் கழற்றினார்கள், சுவரை விட்டுவிட்டார்கள். அத்தை பால் ஊற்ற வந்தபோது வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"டேய் தம்பி, மாங்கா சீசன்தான் முடிஞ்சிடுச்சே, அந்தச் சுவரை இடிச்சிடுடா. மழ வந்தா தண்ணி எங்கடா போவும்?"

"அடுத்த வருஷத்துக்கும் ஆவும்னு சாவுகாரு சொல்லிட்டாருக்கா."

"அவன் சொல்லுவான். அவன் கிடங்கு அந்தாண்ட இருக்குது. உன் வூடு எந்தாண்ட இருக்குது?"

"மழையா? எந்த ஊர்ல பெய்யுது மழ?" என்று அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அத்தை பாதிப் பாலை ஊற்றிவிட்டு மீதியோடு போய்விட்டாள். அம்மாவுக்கு அன்றைக்குக் காபி இல்லை.

ஐப்பசியில் பெய்தது பாருங்கள். அடேயப்பா! பகல் முழுக்கப் பெய்தது, விட்டுவிட்டுப் பெய்தது, பள்ளிக்கூடம் ஒழுகி லீவு விட்டார்கள். ஒரு காலையில் எதிர்வீட்டுத் தெலுங்கம்மா "நீள்ளு வச்சினாயி! நீள்ளு வச்சினாயி!" என்று, தண்ணீர் வந்துவிட்டதைச் சொல்லிக் கத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கால்வாயில் இறங்கிவிட்டது. நாம் பிறந்து முதல்முறையாக அந்தக் கால்வாயில் தண்ணீரைப் பார்த்தோம். கலங்கிய தண்ணீர், சருகும் ஆட்டுப் புழுக்கையும் அடித்துக்கொண்டு நுரையோடு வந்தது. பெண்கள் மஞ்சள் குங்குமம் தூவினார்கள், மாதா கோவில்காரர்கள் நாங்கள் மெழுகுவத்தியைக் கொட்டாங்கச்சியில் ஏற்றி விட்டோம். கிழவர்கள் அழுதார்கள். நீங்களும் நானும் கால்வாய்க்குள் குதித்துக் குதித்து அடி வாங்கினோம். அவ்வளவு சந்தோஷமான காலையை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதியத்துக்குள் தண்ணீர் மோரிச் சுவரில் முட்டி நிற்க ஆரம்பித்தது. கால்வாய் நிரம்பி, மேட்டடியில் குளமாகப் பரவியது. அத்தை கடப்பாரையோடு இறங்கி வந்தாள். முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு சுவரில் ஒரு போடு போட்டாள்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அவளைத் தடுத்தது மண்டிக்காரர் இல்லை. அவர் அன்றைக்குப் பேட்டைப் பக்கம் வரவே இல்லை. தடுத்தது நம் ஆட்கள்.

"ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? எத்தினி வருஷம் கழிச்சு வந்த தண்ணி! நிக்கட்டும்மா. நம்ம கெணறு ஊறட்டும்."

"ஊறும். உன் வூட்டுக்குள்ளயே ஊறும். வழிய வுடு."

"சாவுகாரு சுவரு வெச்சதாலதான் தண்ணி நிக்குது. இல்லேன்னா இன்னேரம் பெண்ணையாத்துக்குப் போயிருக்கும். அந்தப் புண்ணியவானுக்கு நாம கும்பிடணும்."

இப்படிப் பேசினார்கள்! சத்தியமாகப் பேசினார்கள். குடிதண்ணீருக்குத் தோட்டக்காரன் கிணற்றில் ஏச்சு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் அல்லவா? தண்ணீர் தேங்குவதைப் பார்த்ததும் பயம் வரவில்லை, பேராசை வந்துவிட்டது. ஒரு சொட்டுக்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது என்று நினைத்தார்கள். அத்தை இரண்டாவது போடு போடக் கையை ஓங்கினாள். கடப்பாரையை வந்து பிடுங்கியவர் யார்? என் அப்பா. "வேணாம்க்கா, ஜனங்க சொல்றாங்க இல்ல" என்றார். அது மட்டும்தானா காரணம்? தான் கட்டிய சுவர் அத்தனை தண்ணீரைத் தாங்கி நிற்பதைப் பார்த்த பெருமை அவர் முகத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த ஒருவர் அவர் தோளில் தட்டி, "கொத்தனாரு சுவருன்னா சும்மாவா" என்றார். அப்பா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

மறுநாள் விடியும்போது எங்கள் வீட்டில் பானைகள் மிதந்தன. என் தம்பி பாயோடு நனைந்து எழுந்தான். மழை விட்டபாடில்லை, மேலே எங்கேயோ இன்னொரு ஏரி உடைந்திருக்கிறது என்றார்கள். குழந்தைகளையும் அரிசிப் பானையையும் தூக்கிக்கொண்டு பேட்டை மொத்தமும் ரயில் மேட்டில் ஏறியது. நம் வீடுகள் எல்லாம் மண் சுவர்தானே. ஓரத்தில் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக உட்கார ஆரம்பித்தன. மோரியும் சுவரும் தண்ணீருக்குள் எங்கேயோ இருந்தன. இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள், கண் தெரியவில்லை என்று மேலே வந்துவிட்டார்கள். அந்தப் பக்கமாக இறங்கி இடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இடித்தால் இடிக்கிறவன் மேலேயே அவ்வளவு தண்ணீரும் வந்து விழும். அப்பா கட்டின சுவர் அப்படியே நின்றது.

ஆண்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தை யாரையும் கேட்கவில்லை. எருமைகள் ஏறி இறங்கித் தேய்ந்து மேடு தாழ்ந்துபோயிருந்த இடம் ஒன்று இருந்ததே, அவள் வீட்டை ஒட்டி, அங்கே போய் மம்பட்டியைப் போட்டாள். "அக்கா, உன் வூடு போயிடும்" என்று அப்பா கத்தினார். "போவட்டும்டா. உன் புள்ளைங்கள எங்க ஏத்தி வெப்ப?" என்றாள் திரும்பாமலே. வெட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா இறங்கினாள், அவளுக்கு ஆகாத அதே அம்மா. சோற்றுச் சட்டியால் மண்ணை வாரி வீசினாள். தெலுங்கம்மாவும் இறங்கினாள். அப்புறம்தான் ஆண்களுக்கு ரோஷம் வந்து ஆளுக்கொரு கை வைத்தார்கள். முதலில் கயிறு பருமனுக்குத் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கியது. பிறகு வண்டி போகிற அகலம். பிறகு நாம் எல்லோரும் பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது, மேடு தானாகவே கரைந்து விழுந்துகொண்டிருந்தது. அத்தை வீட்டின் பாதி அதோடு போனது. மாமாவின் டிரங்குப் பெட்டி போவதை நான் பார்த்தேன். எருமைகளை மட்டும் யாரோ கயிற்றை அறுத்து ஓட்டிவிட்டிருந்தார்கள்.

தண்ணீர் நேராகப் போய் மண்டிக்காரர் கிடங்கில் புகுந்தது. கோடையில் வாங்கி அடைத்து வைத்திருந்த புளி அத்தனையும் கரைந்து, கீழ்வயல் வரைக்கும் செம்மண்ணும் புளியுமாக ஓடியது. வெயில் வந்த பிறகும் அந்த ஊரே புளிக்குழம்பு வாசனை அடித்தது. அவள் வெட்டிய அந்த இடத்தில்தான் இன்றைக்கு நீங்கள் ஸ்கூட்டர் ஓட்டிப் போகிற பாலம் இருக்கிறது. தண்ணீருக்கு அங்கேதான் வழி என்று முனிசிபாலிட்டிக்கும் அப்புறம் புரிந்தது. பாலத்துக் கல்லில் மண்டிக்காரர் பெயரைப் போட்டிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

தண்ணீர் வடிந்த அன்று அத்தையை எப்படிக் கொண்டாடினார்கள்! மாதாவே நேரில் வந்தாள் என்றார்கள். அவளுக்குச் சோறு எந்த வீட்டில் என்பதில் சண்டை வந்தது. அவள், "இப்ப தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று எல்லோரையும் சகட்டு மேனிக்குத் திட்டிக்கொண்டே எல்லார் வீட்டிலும் சாப்பிட்டாள். அப்போதும் யாருக்கும் கோபம் வரவில்லை.

பிறகு மண்டிக்காரர் வந்தார். சத்தம் போடவில்லை. பழைய ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எல்லாம் போச்சு. இனிமே மண்டி நடத்தறதா வேணாமான்னு தெரியல. உங்களுக்கெல்லாம் நான் எங்கேருந்து வேலை குடுப்பேன்?" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளே பேச்சு மாறிவிட்டது. ரயில் மேடு கவர்மென்ட் சொத்து, அதைப் பொம்பளை வெட்டலாமா? கொஞ்சம் பொறுத்திருந்தால் தண்ணீர் தானாக வடிந்திருக்காதா? மோரி எப்போதும் திறந்துதானே இருந்தது? இந்தக் கடைசிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கடப்பாரையும் சுத்தியலுமாகக் கிளம்பிப் போனார். இருட்டும் முன்னால் சுண்ணாம்புத் தூளோடு திரும்பினார். சுவரை ஒரு கல் மிச்சமில்லாமல் இடித்து, கல்லை எல்லாம் மண்டிக்காரரின் வண்டியில் ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

முதல் நாள் அக்கா இடிக்கப் போனபோது பிடுங்கினாரே, அதே கடப்பாரை.

மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மண்டிக்காரர் பக்கத்தில் நின்றார். பேட்டை மொத்தமும் எதிரே நின்றது. நீங்களும் நின்றீர்கள், உங்கள் அம்மாக்களின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

"மேட்டை வெட்டினது யாரு?"

"நான்தான்" என்றாள் அத்தை.

"ரயில்வே மேட்டை வெட்டினா என்ன ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"ரயிலு எங்கீங்க ஓடுது? காட்டுங்க, நானும் ஏறிக்கிறேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் முகம் இறுகிவிட்டது. "ரயில் இல்லேன்னா மேடு உன்னுதாயிடுமா? மொதல்ல நீ அங்க குடியிருந்ததே தப்பு."

"மோரியில சுவர வெச்சு அடைச்சிட்டாங்க. தண்ணிக்கு வழி இல்ல. புள்ள குட்டிங்க முழுவிச் சாவறதா? அதான் வெட்டுனேன்."

"சுவரா? நான் இப்பதான் பாத்துட்டு வரேன். மோரி சுத்தமா இருக்குது." அவர் கூட்டத்தைப் பார்த்தார். "சுவரு இருந்துச்சா?"

ஒருவர் "இல்லீங்க" என்றார். அடுத்தவரும் "இல்லீங்க" என்றார். அத்தை தோளோடு தோள் நின்று மண் வாரிய தெலுங்கம்மா, "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். அம்மா தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? வெறும் பயம். கூலி போய்விடும் என்கிற பயம். அது எனக்கு இன்றைக்குப் புரிகிறது, புரிவதால் கோபம் குறையவில்லை.

இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் வந்தார். "நீ கொத்தனாராமே, இந்தம்மாவோட தம்பியாமே. நீ சொல்லு. சுவரு இருந்துச்சா?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "இருந்துச்சு! எங்கப்பாதான் கட்டுனாரு! நான்தான் தண்ணி எடுத்தாந்து குடுத்தேன்! நேத்து அவருதான் இடிச்சாரு!" என்று கத்திவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன? எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா சேதி? மோரியும் கவர்மென்ட்டுதுதான். மேட்டை வெட்டினா ஒரு கேஸுன்னா, மோரியை அடைச்சதுக்கு ரெண்டு கேஸு. உள்ள தூக்கிப் போட்டுருவேன்." அப்பா கட்டிய கையோடு இன்னும் குனிந்தார். கட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல வேண்டிய மண்டிக்காரர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு என் வாயைப் பொத்தியிருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"சின்னக் கழுத சார் அது. என்கிட்ட கத கேட்டுக் கேட்டு ஒளறுது. சுவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் அன்னிக்குப் புத்தி பிசகிப் போச்சு. பயத்துல வெட்டிட்டேன்."

"இதைத்தான மொதல்லயே சொல்லியிருக்கணும்?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கும் வேலை முடிந்த நிம்மதி. வயசான பொம்பளை, கேஸ் போடாமல் விடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் மேட்டைக் காலி செய்துவிட வேண்டும், திரும்ப இங்கே குடிசை போட்டால் போலீஸ் வரும் என்றார். மண்டிக்காரர் பெரிய மனது பண்ணி, "பாவம், போகட்டும் விடுங்க" என்றார். கூட்டம் கலைந்தது. அப்பா கட்டிய கையைப் பிரிக்காமலே வீட்டுக்கு நடந்தார்.

அவளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னாரா? நாங்கள் சொன்னோமா? அப்பா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா அரிசி கொஞ்சம் கட்டி என்னிடம் கொடுத்து, "உங்கத்தகிட்ட குடுத்துட்டு ஓடியா" என்றாள். தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

சாமல்பட்டியில் மாமா வழிச் சொந்தம் யாரோ இருந்தார்கள். அங்கே போவதாக அத்தை சொன்னாள். எருமைகள் இரண்டையும் முன்னால் ஓட்டிக்கொண்டு, தலையில் ஒரு மூட்டையோடு ஊத்தங்கரை ரோட்டில் போனாள். நான் அரிசியைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் கூடவே போனேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எருமை வாலைப் பிடித்து இழுத்தேன், அதற்கும் ஒரு குட்டு விழுந்தது.

"ஏன் அத்த பொய் சொன்ன? சுவரு இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இல்லேன்னு சொன்ன?"

அவள் தலை மூட்டையைச் சரிசெய்துகொண்டாள். ரோட்டோரத்தில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட சேறு காய்ந்து வெடித்திருந்தது. எருமை ஒன்று அதில் இறங்கப் பார்த்தது, அதட்டி ஏற்றினாள்.

"நான் அப்படிச் சொன்னா, என் தம்பி பொறுக்க மாட்டான்னு நெனச்சேன்டி" என்றாள். "இல்லீங்க, எங்கக்கா பொய் சொல்லுது, சுவரு இருந்துச்சு, நான்தான் கட்டுனேன்னு சொல்லுவான்னு நெனச்சேன். அந்த ஆபீசரு எந்திரிச்சு ஜீப்புல ஏறுற வரைக்கும் அவன் வாயத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் என்னை வரவிடவில்லை. போடி என்று துரத்திவிட்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.